கொம்பியூட்டரை இரவு பகலாக ஓடவிடலாமா? கொக்குவில் தம்பிக்குப் பதில்

தம்பி, நீர் கேட்டதை முதலில் எடுத்து வைக்கிறேன். வீட்டில் ஒரு டெஸ்க்ரொப் இருக்கிறது. பகலில் கல்யாண வீடு, சாமத்திய வீட்டு வீடியோக்களை அதில் வெட்டித் தொகுக்கிறீர். ரொறன்ரோவில் இருக்கிற அண்ணா வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, அங்கத்தைய இரவு ஏழு மணிக்கு இந்தக் கொம்பியூட்டருக்குள் வந்து வீடியோக்களைப் பார்த்துத் திருத்தம் சொல்கிறார். அதனால் நீர் அதை நிப்பாட்டுவதே இல்லை. கரண்ட் பில் ஏறும், நெருப்புப் பிடிக்கும் என்று அப்பா ஏசுகிறார். சிநேகிதர் ஒருவரோ, “போட்டுப் போட்டு நிப்பாட்டினால்தான் பழுதாகும், ஓடிக்கொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது” என்கிறார். யார் சொல்வது சரி?

இருபது வருசத்துக்கு மேலாக யாழ்ப்பாணத்தில் இருந்து கொம்பியூட்டர் திருத்துகிறேன். சிநேகிதர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அப்பா சொல்வதில் அதைவிடக் கூட உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே தொடாத ஒரு விசயம்தான் எங்கள் ஊரில் கொம்பியூட்டரைக் கொல்கிறது. ஓடி ஓடித் தேய்ந்து செத்த பெட்டியை நான் எப்போதாவதுதான் காண்கிறேன். கரண்ட் போய்வந்த வேகத்தில் செத்தது அடிக்கடி என் மேசைக்கு வரும். நீர் முதலில் யோசிக்கவேண்டியது அதைத்தான்.

சிநேகிதரின் கதை பழைய குண்டு பல்ப்பில் இருந்து வருகிறது. எரிந்துகொண்டிருக்கிற பல்ப் அநேகமாகப் பியூஸ் போகாது. சுவிச்சைப் போடும்போதுதான், குளிர்ந்த இழைக்குள் ஒரேயடியாகக் கரண்ட் பாய்ந்து, பளிச்சென்று ஒருக்கால் மின்னிவிட்டுப் போகும். கொம்பியூட்டரிலும் அந்த விதி சிறிய அளவில் உண்டு. சூடேறும்போது ஈயப்பற்றுகள் விரியும், ஆறும்போது சுருங்கும். பல வருசம் அப்படி நடந்தால் எங்கேயோ ஒரு மயிரிழை வெடிப்பு வரலாம். ஹாட் டிஸ்க்கின் மோட்டருக்கும் சுழலத் தொடங்கும் நேரம்தான் கஷ்டமான நேரம்.

ஆனால் கணக்கைப் பாரும். வீட்டுப் பாவனைக்கான பல ஹாட் டிஸ்க்குகள் 50,000 தரம் சுழன்று நிற்கத் தாங்கும் என்று செய்யப்பட்டவை. ஒரு நாளைக்கு ஐந்து தரம் போட்டு நிப்பாட்டினாலும் 10,000 நாள், அதாவது 27 வருசம் செல்லும். எஸ்.எஸ்.டி. என்றால் சுழல்வதற்கே ஒன்றும் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கரண்டை மிச்சம் பிடிப்பதற்கென்று செய்த சில ஹாட் டிஸ்க்குகள் 8 செக்கன் வேலை இல்லாவிட்டாலே ஹெட்டை, அதாவது எழுதி வாசிக்கிற முனையை, தூக்கி ஓரத்தில் வைத்துவிடும். பின்னால் விண்டோஸ் ஏதோ ஒரு குறிப்பை எழுத வரும்போது மறுபடி இறக்கும். நிமிசத்துக்கு ஒரு தரம் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 1,440 தரம் ஆகிறது. இந்த ஏற்ற இறக்கத்துக்கு 3 இலட்சம் தரம் என்று எல்லை போட்ட டிஸ்க் அதை ஏழு மாதத்தில் தாண்டிவிடும். ஆக, வேலை இல்லாமல் சும்மா ஓடுகிற கொம்பியூட்டர் ஓய்வெடுக்கிறது என்று நினைக்கவேண்டாம்.

இனி கரண்டுக்கு வருவோம். உமக்கு வயது காணாது, ஆனால் 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல் இருந்த வருசங்களைப் பற்றி அப்பாவிடம் கேளும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பின்சில்லைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற கரண்டில் றேடியோ கேட்டோம். சுற்றுகிறவனுடைய கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கரண்ட் திடீரென்று போகும்போது ஹாட் டிஸ்க்குக்குள் நடப்பது அச்சொட்டாக அதுதான். தட்டு இன்னும் சுழன்றுகொண்டிருக்கும். அந்த மிச்சச் சுழற்சியில் மோட்டரே டைனமோவாக மாறி, அதில் வருகிற சொட்டுக் கரண்டில் ஹெட்டைப் பத்திரமான இடத்துக்கு இழுத்துக்கொள்ளும். அருமையான ஏற்பாடு. ஆனால் ஒழுங்காக ஷட் டவுன் பண்ணும்போது மெதுவாக நடக்கிற வேலை இங்கே அடித்துப் பிடித்து நடக்கிறது. இரண்டு செக்கனில் கரண்ட் வந்து, தட்டு மறுபடி சுழல எத்தனிக்கையில் திரும்பவும் போனால், டிஸ்க் படுகிற பாடு கொஞ்சமல்ல.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள் அல்லவா? கரண்ட் இருக்கிற நேரத்துக்குள் எல்லா வேலையையும் முடிக்க ஓடித்திரிந்தோம். அப்படி ஒரு பின்னேரம், அம்மம்மா சொன்ன கதைகளை முன்பு ஒலிப்பதிவு செய்து வைத்ததை ஒரு பழைய டிஸ்க்கில் இருந்து புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தேன். நேர அட்டவணைப்படி இன்னும் பத்து நிமிசம் இருந்தது. கரண்ட் முந்திக்கொண்டு போனது, வந்தது, திரும்பப் போனது. இரவு கரண்ட் வந்ததும் போட்டுப் பார்த்தால், டிஸ்க்குக்குள் “டிக், டிக், டிக்” என்று ஒரு சத்தம். மற்றவர்களுடைய டிஸ்க்கில் அந்தச் சத்தத்தைப் பல தரம் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு என்னுடையதில் கேட்டபோது கை நடுங்கியது. ஐந்து பதிவில் இரண்டைத்தான் மீட்க முடிந்தது. அம்மம்மா இப்போது இல்லை. கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்குகிற யூ.பி.எஸ். பெட்டி ஒன்று இருந்தும், திருத்துகிற எனக்கே அன்று அதன் பற்றரி செத்துப்போய் இருந்தது. மாற்றவேண்டும் என்று தெரிந்தும் தள்ளிப்போட்டிருந்தேன்.

அந்தக் கஷ்டகாலம் முடிந்துவிட்டது என்று சொல்வீர். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கரண்ட் போனது நினைவிருக்கும். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் என்று அமைச்சரே சொன்னார். நாட்டின் அந்தத் தொங்கலில் நடந்தது கொக்குவிலில் இருக்கிற உம்முடைய பெட்டியை நிப்பாட்டியது. போகிற கரண்டைவிட வருகிற கரண்ட் மோசம். வரும்போது ஊரில் இருக்கிற பிரிஜ், தண்ணீர் மோட்டர் எல்லாம் ஒன்றாக எழும்பும், வோல்ற்றேஜ் ஏறி இறங்கும். 24 மணித்தியாலமும் ஓடுகிற கொம்பியூட்டர் இவை எல்லாவற்றுக்கும் ஒன்று விடாமல் முகம் கொடுக்கும். நிப்பாட்டிப் பிளக்கைக் கழற்றிய பெட்டி நிம்மதியாகப் படுத்திருக்கும்.

பில் கணக்கு சுருக்கமானது. மொனிட்டரை நிப்பாட்டி, பெட்டி மட்டும் சும்மா ஓடினால் 60 வாற் என்று வையும். ஒரு நாளைக்கு 1.44 யூனிற், மாதம் 43 யூனிற். தனிக் கிராபிக்ஸ் காட் போட்ட பெட்டி என்றால் 80 வாற்றுக்கும் போகலாம், அப்போது மாதம் 58. ரூபாயில் எவ்வளவு என்று நான் சொல்லவில்லை, விலை அடிக்கடி மாறுகிறது. ஆனால் படிக்கட்டு முறை மாறவில்லை. 60, 90, 120, 180 என்று ஒவ்வொரு படி ஏறும்போதும் மேலே உள்ள யூனிற்றின் விலை கூடும், நிலையான கட்டணமும் ஏறும். அதிலும் 60 ஐத் தாண்டினால் முதல் யூனிற்றில் இருந்தே வேறு விலை. மாதம் 55 யூனிற் எரிக்கிற வீட்டில் இந்த 43 ஐக் கூட்டினால் 98. அப்பா ஏசுவது அந்த 43 யூனிற்றுக்கு மட்டும் என்று நினைக்கிறீர். முன்பு மலிவாக வந்த 55 க்கும் சேர்த்துத்தான் அவர் காசு கட்டுகிறார்.

கூரையில் சோலர் போட்டிருக்கிறோம், கவலை இல்லை என்று சிலர் சொல்வார்கள். மின்சார சபைக்குக் கரண்ட் அனுப்புகிற சாதாரண சோலர், வெளியே கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவர்களுக்கு அடிக்கக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. பற்றரியோடு கூடிய ஹைபிரிட் இன்வேட்டர் இருந்தால்தான் வீட்டுக்குள் கரண்ட் நிற்கும்.

சரி, உம்முடைய விசயத்துக்கு வருகிறேன். அண்ணாவின் இரவு 7 மணி எங்களுக்கு எத்தனை மணி? கோடையில் அடுத்த நாள் விடிய 4.30. நவம்பர் தொடக்கத்தில் அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினதும், மார்ச் வரைக்கும் விடிய 5.30. அவர் இருப்பது ஒன்றரை, இரண்டு மணித்தியாலம். அந்த இரண்டு மணித்தியாலத்துக்காக மிச்ச இரவு முழுக்கப் பெட்டி விழித்திருக்கிறது. உமக்கு வேண்டியது 24 மணித்தியாலக் கொம்பியூட்டர் அல்ல, விடியப்புறம் தானாக எழும்புகிற கொம்பியூட்டர்.

அது சுலபம். பெட்டியைப் போட்டவுடன், விண்டோஸ் தொடங்க முன்னம் வருகிற பயோஸ் என்ற அமைப்புக்குள் போனால், குறிப்பிட்ட நேரத்துக்குத் தானாகப் போடுகிற அலாம் ஒன்று பெரும்பாலான மதர்போட்டுகளில் இருக்கும். மின்சேமிப்புப் பகுதியில் தேடும். 4.20 க்கு வையும், நவம்பரில் 5.20 க்கு மாற்றும். பிறகு விண்டோஸில் இருக்கிற வேலை அட்டவணையில், காலை 7 மணிக்கு (நவம்பரில் இருந்து மார்ச் வரைக்கும் 8 மணிக்கு) ஷட் டவுன் பண்ணு என்று ஒரு வேலையைப் போட்டுவிடும். மாதம் 43 யூனிற் போன இடத்தில் ஐந்து யூனிற்தான் போகும். வெட்டின வீடியோவை ரெண்டர் பண்ணி முழுப் படமாக்கவேண்டிய இரவுகளில் மட்டும் ஓடவிடும். அதற்கு ஒரு வேலை இருக்கிறது, அது வேறு கதை. நான் 2003 இல் கொழும்பில் படிக்கும்போது, பேர்க்லி பல்கலைக்கழகம் 1999 இல் தொடக்கிய செற்றி அற் ஹோம் திட்டத்துக்கு என் அறைப் பெட்டியை இரவிரவாக ஓடவிட்டிருக்கிறேன். வானத்தில் இருந்து வருகிற றேடியோ அலைகளை உலகம் முழுக்க வீட்டுக் கொம்பியூட்டர்கள் பங்குபோட்டு ஆராய்ந்த திட்டம் அது. 2020 மார்ச் 31 ஓடு புதிய வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். அந்த இரவுகளில் போன கரண்டுக்கு நான் வருத்தப்பட்டதே இல்லை.

ஸ்லீப்பில் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர். போடலாம், இரண்டு மூன்று வாற்தான் எடுக்கும். ஆனால் ஸ்லீப்பில் இருக்கும்போது, செய்த வேலை றாமில் மட்டும் இருக்கும். கரண்ட் போனால் அதுவும் போய்விடும். எங்கள் ஊருக்கு ஹைபர்னேற்தான் ஏற்றது. எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக நிற்கும். கரண்ட் போனாலும் வந்தாலும் அதற்குத் தெரியாது.

யூ.பி.எஸ். பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். கடையில் கிடைக்கிற 650 வீ.ஏ. யூ.பி.எஸ். ஒன்றுக்குள் இருப்பது வழக்கமாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய-அமிலப் பற்றரி ஒன்று. உம்முடைய பெட்டியை அது கூடினால் ஒரு கால் மணித்தியாலம் தாங்கும், அதுவும் புதிதாக இருக்கும்போது. அந்த நேரம் வேலை செய்வதற்கு அல்ல, ஒழுங்காக மூடுவதற்கு. அந்தப் பற்றரிக்குச் சூடு பெரிய எதிரி. 25 பாகைக்கு மேலே ஒவ்வொரு 10 பாகைக்கும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். சித்திரை, வைகாசியில் எங்கள் அறைகள் இருக்கிற சூட்டுக்கு, மூன்று வருசம் வரவேண்டியது இரண்டு வருசத்திலேயே முடிந்துவிடும். செத்த பற்றரியோடு யூ.பி.எஸ். பச்சை லைற்றைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். பற்றரி மாற்றின திகதியை ஒரு துண்டில் எழுதி மேலே ஒட்டி வையும். நான் ஒட்டவில்லை.

யூ.பி.எஸ்ஸுக்குப் பின்னால் யூ.எஸ்.பி. வயர் போடுகிற இடம் இருந்தால் அதைக் கொம்பியூட்டரோடு கொழுவும். வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும், பற்றரி குறையும்போது விண்டோஸ் தானே மூடிக்கொள்ளும். பலர் அந்த வயரைப் பெட்டிக்குள்ளேயே விட்டு எறிந்துவிடுகிறார்கள்.

இப்போது சூடும் புழுதியும். சோளகக் காற்று தொடங்கினால் வீட்டுக்குள் செம்மண் புழுதி எப்படி வரும் என்று உமக்குத் தெரியும். விடியக் கூட்டினால் பின்னேரம் திரும்பவும் கூட்டவேண்டும். 24 மணித்தியாலமும் சுற்றுகிற பான் அந்தக் காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது. போன ஆடியில் கோண்டாவிலில் இருந்து வந்த ஒரு பெட்டியைத் திறந்தேன். பிராசசருக்கு மேலே இருக்கிற அலுமினியத் தகட்டு இடைவெளி முழுக்கச் சிவப்புக் கம்பளி போல அடைத்திருந்தது, நகத்தால் உரித்தால் தட்டாக வந்தது. பவர் சப்ளைக்குள் ஒரு பல்லி, இரண்டு மின்முனைகளுக்கு நடுவில் கருகி ஒட்டிக்கிடந்தது. இரவில் சூடான இடத்தைத் தேடி வந்திருக்கிறது, பாவம். நாலு மாதமாக நிப்பாட்டாமல் ஓடின பெட்டி என்று சொன்னார்கள். பின்பக்கத்தில் காட் போடாத ஓட்டைகளை மூடாமல் விட்டிருந்தார்கள். உம்முடையதிலும் பாரும், அந்தச் சின்னத் தகடுகள் இருக்கவேண்டும். சோளகத்துக்கு நடுவில் ஒருக்கால், முடிய ஒருக்கால் திறந்து, முற்றத்தில் வைத்து ஊதும். ஊதும்போது பான் சுற்றாதபடி அதை விரலால் பிடித்துக்கொள்ளும்.

மின்னலுக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. பங்குனி சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் இடி தொடங்கினால், ரெண்டர் பாதியில் நின்றாலும் பரவாயில்லை, பிளக்கைக் கழற்றும். சுவிச்சை மட்டும் நிப்பாட்டுவது காணாது. ரெலிபோன் வயரில் இன்ரநெற் வருகிறது என்றால் அதையும் கழற்றும். எத்தனையோ பெட்டிகளுக்கு அடி வந்தது அந்த வழியால்தான். பைபர் என்றால் கண்ணாடி இழையால் மின்னல் வராது, ஆனால் ரவுட்டரின் அடப்டர் சுவரில்தானே இருக்கிறது? வீட்டில் ஆள் இல்லாமல் 24 மணித்தியாலமும் ஓடவிடுவதை நான் எதிர்ப்பதற்கு இது ஒரு காரணம். இடி முழங்கும்போது பிளக்கைக் கழற்ற ஒரு கை வேண்டும்.

எர்த்தும் இதோடு சேர்ந்ததுதான். வெறுங்காலோடு நின்று பெட்டியின் பின்பக்க இரும்பைத் தொட்டால் சுள்ளென்று கூச்சமாக இருக்கிறதா? அப்படியென்றால் எர்த் இல்லை. பவர் சப்ளைக்குள் இருக்கிற சின்னக் கப்பாசிற்றர்கள் வழியாக, எர்த் இல்லாத பெட்டியின் உடலில் பாதி வோல்ற்றேஜ் வந்து நிற்கும். அதால் ஆள் சாகாது, ஆனால் உண்மையான பழுது வரும்போது காப்பாற்ற ஒன்றும் இல்லை என்பதற்கு அது அடையாளம். எங்கள் மண் சுண்ணாம்புக் கல்லுக்கு மேலே மெல்லிசாகப் படிந்த மண். கோடையில் காய்ந்தால் எர்த் கம்பி வேலை செய்வது குறையும். ஒரு நல்ல எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அளந்து பார்க்கச் சொல்லும்.

அப்பாவின் நெருப்புப் பயத்தை அலட்சியம் பண்ணவேண்டாம். நெருப்பு பெட்டிக்குள் இருந்து வருவதைவிடச் சுவரில் இருந்துதான் கூட வரும். பெட்டி, மொனிட்டர், யூ.பி.எஸ்., ரவுட்டர், போன் சார்ஜர் எல்லாவற்றையும் ஒரு மலிவான மல்ட்டி பிளக்கில் கொழுவி, அதைத் திரைச்சீலைக்குப் பின்னால் விட்டிருந்தால், அப்பா ஏசுவது நியாயம். நாலு மணித்தியாலம் ஓடினபிறகு பிளக்கைக் கையால் தொட்டுப் பாரும். சூடாக இருந்தால் உள்ளே பிடி தளர்ந்திருக்கிறது, அன்றைக்கே மாற்றும்.

இன்னும் இரண்டு விசயம். வாரத்துக்கு ஒருக்காலாவது ரீஸ்டார்ட் பண்ணும். ஷட் டவுன் பண்ணிப் போடுவதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றல்ல. விண்டோஸ் 8 இல் இருந்து, வேகமாக எழும்புவதற்காக ஷட் டவுனில் தன் உள்கருவை, அதாவது மையப் பகுதியை, டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு அடுத்த நாள் அதையே திருப்பி எடுக்கிறது. ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். (விண்டோஸ் 95, 98 நிப்பாட்டாமல் ஓடினால் 49.7 நாளில் உறைந்துபோகும். மில்லிசெக்கன் எண்ணுகிற 32 பிற் எண்ணி அன்றைக்கு நிரம்பிவிடுவதுதான் காரணம்.)

மற்றது, அண்ணா உள்ளே வருகிற வழி. ரவுட்டரில் றிமோட் டெஸ்க்ரொப்புக்கு 3389 ஆம் போட்டைத் திறந்து விட்டிருக்கிறீர் என்றால், இன்றைக்கே மூடும். திறந்திருக்கிற அந்தக் கதவை உலகம் முழுக்கத் தானியங்கி நிரல்கள் தட்டிக்கொண்டே இருக்கின்றன. வயர்காட் போன்ற ஒரு வீ.பி.என்., அதாவது உங்கள் இரண்டு பேருக்கும் மட்டுமான பூட்டிய வழி, போட்டு அதன் வழியாக வரச் சொல்லும். விண்டோஸ் 10 ஆக இருந்தால், அதற்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது, 2025 ஒக்ரோபர் 14 ஓடு முடிந்துவிட்டது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கிற வொனாகிறை என்ற நச்சு நிரல் பரவியபோது, அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது. அடிபட்டவர்கள் பெரும்பாலும் அதைப் போடாமல் விட்டவர்கள்.

உண்மையிலேயே 24 மணித்தியாலமும் திறந்திருக்கவேண்டிய தேவை பிறகு வந்தால், உதாரணமாகக் குடும்பப் படங்கள் முழுவதையும் எந்த நேரமும் எல்லாரும் பார்க்கவேண்டும் என்றால், அந்த வேலையை இந்தப் பெரிய பெட்டிக்குக் கொடுக்கவேண்டாம். ராஸ்பெரி பை என்கிற கையளவு கொம்பியூட்டர் ஒன்று நாலு ஐந்து வாற்தான் எடுக்கும், மாதம் நாலு யூனிற்றும் வராது. அலுமாரியில் கிடக்கிற பழைய லப்ரொப்பும் போதும், பற்றரி அதனோடேயே இருக்கிறது. ஆனால் எப்போதும் 100 வீதம் சார்ஜில் விட்டால் அந்தப் பற்றரி ஊதக்கூடும். 80 இல் நிற்கிற மாதிரி அமைப்பில் வையும், மாதம் ஒருக்கால் அடிப்பக்கம் வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பாரும். ரவுட்டருக்கு 2022 இல் எல்லாரும் வாங்கின சின்ன 12 வோல்ட் யூ.பி.எஸ். காணும்.

இந்தக் கிழமை முதலில் யூ.பி.எஸ்ஸின் யூ.எஸ்.பி. வயரைக் கொழுவும், பயோஸ் அலாமை வையும். பிறகு ஒரு விடியற்காலை, அண்ணா உள்ளே இருக்கும்போது, அவரிடம் போனில் சொல்லிவிட்டு, யூ.பி.எஸ்ஸின் பிளக்கைச் சுவரில் இருந்து நீரே கழற்றும். பெட்டி எத்தனை நிமிசம் தாங்குகிறது, தானாக மூடுகிறதா என்று பக்கத்தில் இருந்து பாரும். மூடாமல் பட்டென்று நின்றால், அந்தப் பற்றரியைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வாரும். ஐப்பசி இடிக்கு முன்னம் மாற்றிவிடலாம்.